எல்லாக் கட்டமும் பச்சையாக இருக்கும் பதிவேடு

கப்பலில் இருக்கும் பதிவேடுகளிலேயே அதிகமாகப் பொய் சொல்வது, யார் எப்போது வேலை செய்தார், எப்போது ஓய்வெடுத்தார் என்று எழுதும் ஓய்வு நேரப் பதிவேடுதான். எண்ணெய்க் கழிவைக் கையாண்ட விவரம் எழுதும் ஆயில் ரெக்கார்ட் புக்கில் கை வைத்தால் ஜெயில் என்ற பயமாவது உண்டு. இதற்கு அதுவும் கிடையாது.

சட்டம் தெளிவாகத்தான் இருக்கிறது. 2013 ஆகஸ்ட் 20 முதல் நடைமுறையில் உள்ள எம்.எல்.சி. 2006 என்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி, எந்த 24 மணி நேரத்தை எடுத்தாலும் குறைந்தது 10 மணி நேர ஓய்வு. எந்த 7 நாளிலும் 77 மணி நேரம். அந்த 10 மணி நேரத்தை இரண்டு துண்டுக்கு மேல் உடைக்கக் கூடாது, அதில் ஒன்று 6 மணி நேரமாவது இருக்க வேண்டும். ஒரு ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் இடையே 14 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் 77 போனால் மிச்சம் 91. அதாவது வாரம் 91 மணி நேர வேலை சட்டப்படியே சரி! வேலை நேரத்துக்கு 72 மணி என்ற உச்சவரம்பும் அதே உடன்படிக்கையில் இருக்கிறது. ஆனால் இரண்டில் எதை வேண்டுமானாலும் கொடி நாடு, அதாவது கப்பல் பதிவாகியுள்ள நாடு, தேர்ந்தெடுக்கலாம். கப்பல் பணியாளர்களின் பயிற்சி, வாட்ச் பணி பற்றிய எஸ்.டி.சி.டபிள்யூ. விதிகளோ விதிவிலக்காகத் தொடர்ந்து இரண்டு வாரம் வரை ஓய்வை 70 மணியாகக் குறைக்கவும் இடம் தருகின்றன. இவ்வளவு தாராளமான வரம்புக்குள்ளேயே அடங்க முடியாமல்தான் பொய்க் கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

நிலக்கரி, தானியம் போன்றவற்றை மொத்தமாக ஏற்றும் பல்க் கேரியர் ஒன்றில், கேப்டனுக்கு அடுத்த நிலையில் உள்ள சீஃப் ஆபிசரை (சீஃப் மேட் என்றும் சொல்வார்கள்) எடுத்துக்கொள்வோம். துறைமுகம் சேரும் நாள். 04:00 முதல் 08:00 வரை வாட்ச், அதாவது கப்பலைச் செலுத்தும் முறைப்பணி. 11:00 வரை டெக்கில் சரக்கு ஏற்றும் ஆயத்தம். 13:30க்கு துறைமுக வழிகாட்டியான பைலட்டுக்காகவும் மூரிங்குக்காகவும் (கப்பலைக் கயிற்றால் கட்டும் வேலை) முன்தளம்; கப்பலைக் கட்டி முடிக்க 16:30. உடனே டிராஃப்ட் சர்வே (கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்ற அளவீடு), லோடிங் பிளான், பாலஸ்ட் (கப்பலை நிலைநிறுத்தும் நீர்) வெளியேற்றம் என்று 22:00 வரை. மொத்தம் பதினைந்தரை மணி நேர வேலை. ஓய்வு எட்டரை, அதிலும் இரண்டரை மணி நேரம் மதியத்தில் துண்டாகக் கிடைத்தது. சாப்பாடு, குளியல் எல்லாம் இந்த ‘ஓய்வு’க்குள்தான் அடக்கம்.

இதை அப்படியே பதிவேட்டு மென்பொருளில் ஏற்றினால், விதிமீறல் என்று கட்டம் சிவப்பாகும். அதனால் காலை மூன்று மணி நேரம் காணாமல் போகும். இரவு வேலை 20:00க்கே முடிந்ததாகிவிடும். ஓய்வு பதின்மூன்றரை மணி நேரம், எல்லாம் பச்சை. ஆட்களின் வேலையை முன்கூட்டியே திட்டமிடச் செய்த மென்பொருள், பொய்யைப் பிழையில்லாமல் எழுத உதவும் கருவியாகிவிட்டது.

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? கேப்டன் உண்மையை எழுதினால் ஆபீஸிலிருந்து மெயில் வரும்: ஏன் சிவப்பு, என்ன திருத்த நடவடிக்கை எடுத்தீர்கள்? கூடுதலாக ஓர் ஆள் வர மாட்டார், விளக்கம் மட்டும் கேட்பார்கள். எண்ணெய் ஏற்றும் டேங்கராக இருந்தால், வாடகைக்கு எடுப்பவர்கள் சார்பில் கப்பலைச் சோதிக்கும் வெட்டிங் இன்ஸ்பெக்டரும் அந்தச் சிவப்பைக் குறையாக எழுதிவைப்பார். உண்மை எழுதியவருக்குத் தண்டனை, மறைத்தவருக்கு நல்ல பெயர்.

வேர் இருப்பது, கப்பலில் குறைந்தது எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று சொல்லும் மினிமம் சேஃப் மேனிங் சான்றிதழில். எத்தனை பேர் போதும் என்று முன்மொழிவது கப்பல் நிறுவனம், ஒப்புக்கொள்வது கொடி நாடு. ஆட்களைக் கூட்டிக் கேட்கும் கொடியை விட்டு வேறு கொடிக்கு மாற முதலாளிக்கு அதிக நாள் ஆகாது. கேப்டனும் ஒரே ஒரு மேட்டும் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி நிற்கும் சிறு கப்பல்களைப் பாருங்கள். வாட்ச் மட்டுமே வாரம் 84 மணி. சட்ட வரம்புக்கு மிச்சம் ஏழு மணி, நாளுக்கு ஒன்று. மூரிங், டிரில், ஏஜென்ட், கஸ்டம்ஸ், காகித வேலை எல்லாம் அந்த ஒரு மணிக்குள் முடியுமா? அந்தச் சான்றிதழில் கையெழுத்திடும்போதே பதிவேட்டில் பொய் எழுதப்படும் என்று தெரிந்துதான் கையெழுத்திடுகிறார்கள் என்பேன்.

விளைவு தெரிய 2010 ஏப்ரல் 3 போதும். ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டன் துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிப் புறப்பட்ட ‘ஷென் நெங் 1’ அன்று மாலை கிரேட் பேரியர் ரீஃப் பகுதியில் டக்ளஸ் ஷோல் என்ற ஆழமற்ற திட்டில் ஏறியது. வாட்சில் இருந்த சீஃப் மேட் அதற்கு முந்தைய 38.5 மணி நேரத்தில் தூங்கியது இரண்டரை மணி நேரம். பாதை மாறியது வரைபடத்தில் குறிக்கப்பட்டிருந்தது, ஜி.பி.எஸ்.ஸில் வழிப்புள்ளிகள் மாற்றப்படவில்லை. திரும்ப வேண்டிய இடம் கடந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை. சோர்வைக் கையாளும் முறையான ஏற்பாடு அந்தக் கப்பலில் இல்லை என்று ஆஸ்திரேலிய விசாரணை சொன்னது.

கப்பலைச் செலுத்தும் இடமான பிரிட்ஜில் ஆள் விழித்திருக்கிறாரா என்று பார்க்க பி.என்.டபிள்யூ.ஏ.எஸ். அலாரம் இருக்கிறதே என்பார்கள். 3 முதல் 12 நிமிடத்துக்கு ஒருமுறை பொத்தானை அழுத்த வேண்டும். தொல்லை என்று அணைத்துவைப்பவர்கள் உண்டு. அரைத்தூக்கத்தில் கை தானாகவே அழுத்திவிடுவதும் உண்டு.

துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிக்கும் போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல் அதிகாரிகள் நினைத்தால் அரை மணி நேரத்தில் பிடிக்கலாம். பதிவேட்டை மட்டும் பார்த்தால் ஒன்றும் கிடைக்காது. பைலட் ஏறிய நேரம், இன்ஜின் கட்டளைகளை நேரத்தோடு குறிக்கும் பெல் புக், பாலஸ்ட் லாக், மூடிய இடங்களுக்குள் நுழையும் பெர்மிட், இன்ஜின் அறை அலாரம் பிரின்ட் அவுட் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 20:00க்குத் தூங்கப்போனவரின் கையெழுத்து 21:30 பாலஸ்ட் பதிவில் எப்படி வந்தது? அப்படிச் சிக்கினால் கப்பல்காரர்களோடு நிறுத்தாமல், கேள்வியை கம்பெனிக்கும் மேனிங் சான்றிதழ் கொடுத்த கொடி நாட்டுக்கும் அனுப்ப வேண்டும். மாதக்கணக்கில் ஒரு சிவப்புகூட வராத கப்பலைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

கப்பலில் இருப்பவர்களுக்கு: மாத முடிவில் நீங்களும் கேப்டனும் கையெழுத்திட்ட பதிவின் நகல் உங்களுக்குத் தர வேண்டும், அது எம்.எல்.சி. தரும் உரிமை. கேட்டு வாங்குங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். தனியே ஒரு சின்ன நோட்டில் மூரிங் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், இரவில் எழுப்பப்பட்ட நேரம் ஆகியவற்றைக் குறித்துவையுங்கள். காயம்பட்டால் வரும் இழப்பீட்டு வழக்கில், “இவருக்குப் போதிய ஓய்வு கொடுத்தோம்” என்று கம்பெனி வக்கீல் முதலில் நீட்டப்போவது நீங்களே கையெழுத்திட்ட அந்தப் பச்சைத் தாளைத்தான்.