அந்த ஃபார்ம்ல எதுக்கு மச்சான் எல்லாத்துக்கும் 'நோ'?

அவங்க ஊருக்குப் போயி நாலு நாளாச்சு, எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கல. வீட்ல வாயத் தொறக்க முடியாது, வந்தது எம்பொண்டாட்டியோட அண்ணன் குடும்பம், ஒரு வார்த்தை சொன்னாலும் "எங்கூட்டு ஆளுகன்னாலே உங்களுக்கு எளக்காரம்"னு ஆரம்பிச்சிரும். அதனால இங்க கொட்டிட்டுப் போறேன், திட்றவங்க திட்டிக்கங்க.

நான் மொரீஷியஸ் வந்து ஒம்பது வருஷம் ஆகுது. திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசிங் பாத்துட்டு இருந்தவன், இங்கயும் ஒரு கார்மெண்ட்ஸ்ல அதே பொழப்புதான். ஊர்ல என்ன நெனச்சுக்கறாங்கன்னா நான் காலைல எந்திரிச்சு கடல்ல பல்லு வெளக்கிட்டு எளநி குடிச்சுட்டு ஆபீஸ் போறேன்னு. அய்யா சாமி, நான் இருக்கறது வாக்வால, தீவுக்கு நடுவுல மேட்டுப்பகுதி, வருஷத்துல பாதி நாள் மழையும் மூடுபனியும், காயப்போட்ட துணி மூணு நாளைக்குக் காயாது. நான் கடலப் பாக்கறதே ஊர்ல இருந்து யாராவது வந்தாத்தான்.

மச்சான் மே மாச லீவுக்கு டிக்கெட் போட்டது ஜனவரில. போட்ட அன்னிக்கே ஃபோன். "மாப்ள, ஸ்கூபா பண்றோம், ஃபேமிலியோட, நீங்க பேசி வெச்சிருங்க." ஸ்கூபான்னா முதுகுல காத்து டேங்க் மாட்டிட்டு கடலுக்கடியில போறது. கூடவே ஒரு ரீல். ஒரு கப்பல் கடலுக்கடியில கெடக்குது, சுத்தி மீனா பறக்குது. ஸ்டெல்லா மரு-ன்னு ஜப்பான் மீன்பிடிக் கப்பல், மீனுக வந்து தங்கட்டும்னு 1987ல த்ரூ ஓ பிஷ் பக்கம் வேணும்னே மூழ்கடிச்சது. "இதத்தான் பாக்கறோம்"னு சொல்லிட்டாரு. மச்சான், அது ஏறக்குறைய 25 மீட்டர் ஆழம், மொத தடவை எறங்கறவங்கள 12 மீட்டருக்கு மேல கூட்டிட்டுப் போகமாட்டாங்க, கோர்ஸ் முடிச்ச ஆளுக்கே ஆரம்பத்துல 18தான்னு சொன்னா "காசு சேத்துக் குடுத்தா விடுவானுக"ங்கறாரு. கடல் என்ன ஆர்டிஓ ஆபீஸா? அவரு பொண்ணு பாப்பாவுக்கு எட்டு வயசு, பத்து வயசாகாம கடல்ல எறக்க மாட்டாங்கன்னு சொன்னதுக்கு "பத்துன்னு சொல்லிக்கலாம்". பாஸ்போர்ட்ல என்ன போட்டிருக்குன்னு கேட்டேன். அன்னிக்கு ஃபோன அதோட வெச்சுட்டாரு.

அந்த ஃபார்ம் இருக்கே, டைவ் பண்றதுக்கு முன்னாடி நெரப்பற மெடிக்கல் ஃபார்ம், அத நான் பிப்ரவரிலயே வாட்சப்ல அனுப்பிட்டேன். பத்தே கேள்வி. மூச்சு, நெஞ்சு, காது, மூக்கு, வலிப்பு, மாத்திரை எதாவது சாப்படறீங்களா, இப்படி. எதுக்கு அனுப்புனேன்னா மச்சான் பையனுக்கு வீசிங் இருக்குது. பதினோரு வயசு. சின்னதுல இருந்தே மழைக்காலம் வந்தா எளைக்கும், நானே ஒருக்கா நடுராத்திரி ஈரோட்ல ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிருக்கேன். ஆஸ்துமா இருந்தாலே கூடவே கூடாதுன்னு இல்லீங்க, டாக்டர் நல்லா டெஸ்ட் பண்ணிப் பாத்து, கட்டுப்பாட்டுல இருக்கு, எறங்கலாம்னு கையெழுத்துப் போட்டா விடுவாங்க. அத்தன தெளிவா மெசேஜ் போட்டேன். ப்ளூ டிக் வந்துச்சு. முழுசா மூணு மாசம் இருந்துச்சு. பெருந்துறை ரோட்ல தடுக்கி விழுந்தா ஆஸ்பத்திரி, ஒரு சனிக்கெழமை பையனக் கூட்டிட்டுப் போனா முடிஞ்சிருக்கும்.

வந்து எறங்குன அன்னிக்குக் கேக்கறேன், "டாக்டர்கிட்ட போனீங்களா மச்சான்?" "அதெல்லாம் அவனுக்கு ஒண்ணுமில்ல மாப்ள, இப்ப நல்லாத்தான் இருக்கான்."

அடுத்த கூத்து டிக்கெட். கடைசி நாள் மத்தியானம் டைவ், அன்னிக்கு ராத்திரியே ஃப்ளைட்டுன்னு பிளான் போட்டு வெச்சிருக்காரு. ஏழு மணி நேரம்கூட இல்ல. ஒரு தடவை எறங்குனா கொறஞ்சது 12 மணி நேரம், ரெண்டு மூணு தடவை எறங்குனா 18 மணி நேரம் கழிச்சுத்தான் ஃப்ளைட் ஏறணும். அடியில அழுத்தத்துல சுவாசிக்கறப்ப நைட்ரஜன் ஒடம்புக்குள்ள கரைஞ்சு நிக்குது, அது மெதுவா வெளிய போகணும். ஃப்ளைட்டுக்குள்ள காத்தழுத்தம் கிட்டத்தட்ட ஊட்டி ஒசரத்துல இருக்கற மாதிரிதான் இருக்கும், கரைஞ்சது போறதுக்கு முன்னாடி அங்க போனா கோலிசோடால குண்ட அமுத்துன மாதிரி ரத்தத்துல நொரை கட்டிரும்னு பச்சப்புள்ளைக்கு சொல்ற மாதிரி சொல்லி, டைவ முன்னாடியே வெச்சுக்கலாம்னேன். அதுக்கு அவரு, "அப்ப செவ்வாக்கெழம சாமரேல் ஏழு வண்ண மண்ணு பாக்கற பிளான் என்னாகறது?" சாமரேல் மண்ணு எங்கயும் ஓடிப்போகாதுங்க, நாளைக்கும் அங்கதான் இருக்கும். கடைசில நான்தான் டைவ் கடைக்குப் பேசி ரெண்டு நாள் முன்னாடி மாத்துனேன். அதுக்கு நன்றி வேண்டாம், "மாப்ளைக்கு எல்லாத்துக்கும் பயம்"னு எம்மாமனார்கிட்ட ஃபோன்ல சொல்லிட்டு இருக்காரு, நான் பக்கத்து ரூம்ல நின்னு கேட்டுட்டு இருக்கேன்.

சரி, அந்த நாள். மே மாசம் கெழக்குல இருந்து காத்து அடிக்கும், அதனால மேக்குப் பக்கம், ஃப்ளிக் ஆன் ஃப்ளாக்ல ஏற்பாடு. வழி நெடுக மச்சான் கெணத்துக் கதை. அறுபதடி கெணத்துல மேல இருந்து குதிச்சவராம், அடியில போயி மண்ணு அள்ளிட்டு வருவாராம், மூச்சடக்குனா ஒன்றர நிமிஷமாம். அங்கதான் பிரச்சனையே! கெணத்துல மூச்ச அடக்கணும், ஸ்கூபால மூச்ச அடக்கவே கூடாது, அதுதான் மொத பாடம். முதுகுல மாட்டற டேங்க்ல இருக்கறது ஆக்ஸிஜன்னு நெனச்சுக்கறாங்க, அதெல்லாம் இல்ல, நாம இழுக்கற இதே காத்த அமுக்கி அடச்சு வெச்சிருக்கறது. பத்து மீட்டர் ஆழத்துல நெஞ்சு நெறைய இழுத்த காத்து மேல வர்றப்ப ரெண்டு மடங்கா விரியும். அடக்கிட்டே மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிரும். எளப்பு இருக்கற புள்ளைக்கு மூச்சுக்கொழா சுருங்கி உள்ள காத்து தேங்கிக்கும், அது தானா அடக்காமயே அடக்குன மாதிரி ஆயிரும். இதுக்குத்தான் அந்தக் கேள்விய ஃபார்ம்ல கேக்கறாங்க, பொழுது போகாம கேக்கல.

கார பார்க் பண்ணிட்டு ஃபார்ம எடுத்தா, மச்சான் மடில ஒரு தண்ணி பாட்டில் மேல வெச்சு கடகடன்னு நெரப்பறாரு. படிக்கவே இல்ல. மேல இருந்து கீழ வரைக்கும் நோ, நோ, நோ, நோ. பேங்க்ல டெபாசிட் சலான் நெரப்பற வேகம். பையனுது, அவருது, அக்காவுது (மச்சான் சம்சாரம்) எல்லாம். அவருக்கு ரெண்டு நாளா மூக்கு ஒழுகிட்டு இருக்கு, அதுவும் நோ. "மச்சான், அந்த மூச்சுக் கேள்விக்கு…"ன்னேன். "எஸ் போட்டா விடமாட்டான் மாப்ள, சும்மா இருங்க." அக்கா ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டு இருந்தாங்க. பையன் என்னப் பாத்தான், நான் ஸ்டியரிங்கப் பாத்தேன். அந்த இடத்துலயே நான் பேசிருக்கணும். மாப்ள முறுக்கு பண்றான்னு பேரு வந்துரும்னு வாய மூடிட்டு இருந்தேன் பாருங்க, அத நெனச்சாத்தான் எனக்கு எம்மேலயே கடுப்பாகுது.

உள்ள டைவ் சொல்லிக்குடுக்கற பொண்ணு கிரியோல்காரப் பொண்ணு, முப்பது வயசு இருக்கும். ஃபார்ம வாங்கி மேலாக்கப் பாத்துட்டு கீழ வெச்சுட்டு நேரா பையன் முன்னாடி முட்டி போட்டு ஒக்காந்துருச்சு. இங்கிலீஷ்ல மெதுவா கேக்குது, ஓடுனா மூச்சு வாங்குமா, ராத்திரி இருமுவியா, எதாவது மருந்து இழுப்பியான்னு. பையன் அப்பனப் பாத்தான். அப்புறம் "ஒன்லி சம்டைம்ஸ்"னுட்டு ட்ரவுசர் பாக்கெட்ல கைய விட்டு அந்த நீலக் கலர் இன்ஹேலர எடுத்து உள்ளங்கைல வெச்சு நீட்டுனான். மிட்டாய் குடுக்கற மாதிரி. அந்தப் பொண்ணு "அயோ"ன்னுச்சு. (நம்ம ஐயோதான், இந்த ஊர் பேச்சு பாஷை கிரியோல்ல எல்லாருமே சொல்வாங்க.) ஃபார்ம மச்சான் பக்கம் திருப்பி வெச்சு, டாக்டர் கையெழுத்து இல்லாம பையன எறக்க மாட்டேன், வேணும்னா கரையோரம் ஆழமில்லாத லகூன்ல மேலயே நீந்தி ஸ்னார்க்கல் பண்ணட்டும், நானே கூட வர்றேன்னு சொல்லுச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு.

மச்சான் மூஞ்சி செவந்து போயி எங்கிட்ட திரும்பறாரு. "நீங்கதான மாப்ள சொல்லிக் குடுத்தீங்க?"

அத்தோட விட்டிருந்தாலும் பரவால்ல. வெளிய பீச்சோரமா ஒருத்தன் நின்னுட்டு இருந்தான், படகுல கூட்டிட்டுப் போறவன், பாதி வெலைக்கு வர்றேங்கறான், ஃபார்மும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாங்கறான். டூரிசம் அத்தாரிட்டி லைசென்ஸ் இருக்கான்னு கேட்டா சிரிக்கறான். மச்சான் பையன் கையப் புடிச்சு இழுத்துட்டு அவன் பின்னாடி கெளம்பிட்டாரு. அப்பத்தான் எனக்கு எங்கிருந்து வந்துச்சோ தெரியல, சவுக்கு மரத்தடியில, தால்பூரி வாங்க வரிசைல நிக்கற சனமெல்லாம் திரும்பிப் பாக்க, கத்திட்டேன். "புள்ளைய எறக்குனீங்கன்னா நான் உங்க தங்கச்சியையும் பாப்பாவையும் கூட்டிட்டு இப்பவே வண்டி எடுத்துருவேன், நீங்க பஸ் புடிச்சு வாங்க, எந்த பஸ்ஸுன்னு பிரெஞ்சுல கேட்டுக்கங்க!" பன்னெண்டு வருஷத்துல மொத தடவ அவருகிட்ட நான் கொரல ஒசத்துனது. எம்பொண்டாட்டி ஒரு வார்த்தை பேசல. அதுக்கப்புறமும் இன்னைக்கு வரைக்கும் அதப்பத்திப் பேசல, அது எதுல சேத்தின்னு தெரியல.

முடிவா மச்சானும் அக்காவும் மட்டும் எறங்குனாங்க. சளி புடிச்ச மூக்கோட எறங்குனா என்னாகும்? மேட்டுப்பாளையம் மலை எறங்கறப்ப காது அடைக்கும்ல, மூக்கப் புடிச்சு ஊதுனா விடும்ல, அதேதான், ஆனா இங்க ரெண்டு மூணு மீட்டர்லயே அதவிட மோசமா அடைக்கும், சளி இருந்தா ஊதுனாலும் விடாது. பத்து நிமிஷத்துல காதப் பொத்திட்டு மேல வந்துட்டாரு. "ஒண்ணுமே இல்ல மாப்ள, எல்லாம் விளம்பரம், மண்ணுதான் இருக்கு"ன்னாரு. மூணு மீட்டர்ல மண்ணுதான் இருக்கும். காலைல இருந்து பயந்துட்டு இருந்த அக்கா அரை மணி நேரம் கழிச்சு வந்தாங்க, மூஞ்சில மாஸ்க் அச்சு, கண்ணெல்லாம் மின்னுது, "ஆமை பாத்தேனுங்க, என் கைக்குப் பக்கத்துல மேஞ்சுட்டு இருந்துச்சு"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. மச்சான் "சரி சரி, பசிக்குது, கெளம்பலாம்"னுட்டாரு. பாவம், அந்த ஆமைக் கதைய முழுசாக் கேக்க ஒரு ஆளில்ல. பையன் மட்டும் அந்தப் பொண்ணு கூட ஸ்னார்க்கல் போயி பத்தொம்பது வகை மீன் எண்ணிட்டு வந்தான், அவன் ஒருத்தன்தான் சந்தோசமா ஏறுனான் வண்டில.

குடும்ப குரூப்ல மச்சான் போட்ட ஃபோட்டோ, டேங்க் மாட்டி கட்டவெரல் தூக்கிட்டு நிக்கறது, அடியில "டீப் டைவ் மொரீஷியஸ்". நாப்பது ஹார்ட். கீழ சின்ன மாமனார் கேட்டிருக்காரு, பையன் எறங்கலியான்னு. பதில்: "மாப்ள கொஞ்சம் பயந்துட்டாரு, விட்டுட்டோம்."

முந்தாநேத்து ராத்திரி பதினோரு மணிக்கு ஃபோன். மச்சான். "மாப்ள, அந்த நீலக் கலர் டப்பா உங்க வண்டில கெடக்குதா பாருங்க, இங்க வந்ததும் மழை, இவனுக்கு எளைக்குது, ஊரெல்லாம் தேடிட்டோம், மெடிக்கல்ல புதுசு வாங்கிட்டேன், இருந்தாலும் பாருங்க." செல்லு லைட்ட அடிச்சுட்டுப் போயி பாத்தேன். பின்சீட்டு கதவுப் பொந்துல, ஈர மண்ணு ஒட்டிட்டு, அந்த ஃபார்மோட கசங்குன காப்பிக்கு அடியில கெடந்துச்சு. "இருக்குங்க மச்சான்"னேன்.

"அத வெச்சிருங்க மாப்ள, டிசம்பர்ல வர்றப்ப வாங்கிக்கறோம்."