அம்மா சொன்ன "எஸ்"

1999இல் நியூ ஜெர்சியில் குடியிருந்தபோது, ஒரு மாதத் தொலைபேசிப் பில்லில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஞாயிறுதோறும் அரை மணி நேரம் கும்பகோணத்துக்குப் பேசுவோம். நிமிடத்துக்கு 49 சென்ட் என்ற திட்டத்தில் 60 டாலருக்குள் முடிந்திருக்க வேண்டிய தொகை 200 டாலரைத் தாண்டியிருந்தது. போதாததற்கு, நிறுவனத்தை மாற்றியதற்கான கட்டணம் என்று 5 டாலர் வேறு. நான் எதையும் மாற்றவில்லை. 1-700-555-4141 என்ற எண்ணைச் சுழற்றினால், நம் தொலைதூர அழைப்புகள் எந்த நிறுவனத்தின் வழியாகப் போகின்றன என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும். அந்தக் குரலும் அதே பெயரைத்தான் சொன்னது.

வாடிக்கையாளரைக் கேட்காமலேயே அவருடைய தொலைதூர நிறுவனத்தை மாற்றிவிடும் இதற்கு அமெரிக்காவில் 'ஸ்லாமிங்' என்று பெயர். உள்ளூர், தொலைதூரச் சேவை இரண்டிலும் பெரும்பகுதியைத் தன் கையில் வைத்திருந்த ஏடி அண்ட் டி நிறுவனம் 1984 ஜனவரி 1 அன்று உடைக்கப்பட்ட பிறகு, உள்ளூர் இணைப்பு ஒருவரிடமும் தொலைதூர அழைப்பு வேறொருவரிடமும் என்றானது. தொலைதூர நிறுவனத்தை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் தேர்வு பதிவாகியிருந்தது உள்ளூர் நிறுவனத்தின் இணைப்பகத்தில். அதை மாற்றும் ஆணையை அனுப்பியது, மாற்றத்தால் லாபம் பெறும் நிறுவனமே. "இவர் எங்களிடம் வந்துவிட்டார்" என்று அது சொன்னால் போதும். உள்ளூர் நிறுவனம் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் மாற்றிவிடும். நிலத்தை வாங்குகிறவன் மட்டும் பதிவு அலுவலகத்துக்கு வந்து, விற்பவர் சம்மதித்துவிட்டார் என்று சொல்லிப் பத்திரத்தை முடித்துக்கொண்டு போவதைப் போன்றது இது. விற்பனைப் பிரதிநிதிகளின் ஒழுக்கக் கேட்டைத்தான் எல்லோரும் திட்டினார்கள். என் கோபம் அந்தக் கதவைத் திறந்து வைத்தவர்கள்மேல்தான்.

சம்மதம் வாங்கிய விதங்களோ விசித்திரமானவை. கார் பரிசு என்று கடை வாசலில் வைத்திருந்த குலுக்கல் சீட்டின் அடியில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில், 'தொலைதூரச் சேவையை மாற்ற ஒப்புகிறேன்' என்றிருக்கும். பெரிய நிறுவனங்களே வீடுகளுக்குக் காசோலைகளை அனுப்பின. வங்கியில் போடுவதற்காகப் பின்புறம் கையெழுத்திட்டால், அதுவே ஒப்புதல் கடிதமாகிவிடும். டெக்சஸில் ஒருவர் 'எனக்குத் தெரியாது', 'எதுவானாலும் பரவாயில்லை' என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்றொடர்களையே தன் தொலைதூர நிறுவனங்களுக்குப் பெயராகப் பதிவு செய்தார். எந்த நிறுவனம் வேண்டும் என்று ஆபரேட்டர் கேட்கும்போது, அலட்சியமாக அப்படிப் பதில் சொன்னவருடைய அழைப்பு நேராக அவரிடமே போய்ச் சேர்ந்தது. கட்டணமும் கூடுதல். கோபத்தையும் மீறிச் சிரிப்பு வருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டில் நடந்தது அதைவிட எளிது. புதிய நிறுவனத்தை அழைத்துச் சண்டை போட்டபோது, "உங்கள் வீட்டிலிருந்து ஒப்புதல் வந்திருக்கிறது" என்று சொல்லி ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவர் மளமளவென்று ஆங்கிலத்தில் எதையோ படிக்கிறார். இடையிடையே, ஊரிலிருந்து எங்களுடன் தங்க வந்திருந்த அம்மாவின் குரல்: "எஸ்... எஸ்... தேங்க் யூ." போனில் பேசுகிறவரிடம் மரியாதைக் குறைவாக நடக்கக் கூடாது என்பதைத் தவிர அம்மாவுக்கு வேறு எந்த எண்ணமும் இருந்திருக்காது. விற்கும் நிறுவனத்தைச் சாராத ஒருவர் ஒப்புதலைக் கேட்டு உறுதிசெய்யும் 'மூன்றாம் தரப்புச் சரிபார்ப்பு' என்று, வாடிக்கையாளரைப் பாதுகாப்பதற்காக ஏற்படுத்திய ஏற்பாடே, அன்று எனக்கு எதிரான சாட்சியாக நின்றது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1996ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம், பழைய தகவல்தொடர்புச் சட்டத்தில் புதிதாகச் சேர்த்த 258ஆம் பிரிவு இதைத் தடை செய்தது. 1998இல் டேனியல் ஃபிளெட்சர் என்பவர் நடத்திய நிறுவனங்களுக்கு மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் 56 லட்சம் டாலருக்கு மேல் அபராதம் விதித்து, உரிமத்தையும் பறித்தது. ஆனால் ஒருவனைப் பிடித்து அபராதம் போடுவதற்குள் பில் கட்டியவர்கள் எத்தனை பேர்! என் கணக்கில், உருப்படியான மாற்றம் 2000ஆம் ஆண்டின் இறுதியில் நடைமுறைக்கு வந்த விதிதான். அனுமதியின்றி மாற்றப்பட்டவர், இன்னும் பணம் கட்டாதிருந்தால், முதல் 30 நாள் அழைப்புகளுக்கு அந்த நிறுவனத்துக்கு எதுவும் தர வேண்டியதில்லை. கட்டியிருந்தால், மாற்றிய நிறுவனம் வாங்கிய தொகையில் 150 விழுக்காட்டைப் பழைய நிறுவனத்திடம் ஒப்படைக்க வேண்டும், அதிலிருந்து வாடிக்கையாளருக்கும் ஒரு பங்கு திரும்பும். திருட்டில் லாபமில்லை என்ற நிலையை முதலிலேயே ஏற்படுத்தியிருக்கலாம்.

எனக்கு அந்த விதி வந்து சேரவில்லை. மூன்று மாதம் கடிதம் எழுதிப் பாதிப் பணத்தை மீட்டேன். பிறகு, என் வாய்மொழியோ கையெழுத்தோ இல்லாமல் நிறுவனத்தை மாற்றக் கூடாது என்று உள்ளூர் நிறுவனத்திடம் சொல்லி இணைப்பைப் பூட்டி வைத்தேன். கேட்டால் மட்டும் கிடைக்கிற பாதுகாப்பு அது. கேட்காமலேயே கிடைத்ததோ புதிய நிறுவனம்.

அம்மாவிடம் பில் தொகையைச் சொல்லியிருக்கக் கூடாது. மறுநாள் அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு அழைத்தேன். நான் "ஹலோ" என்றதும் "நோ, நோ, நோ" என்று மூன்று முறை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.