பிள்ளைகளை ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ஜெனீவா அருகே அணுத்துகள்களை மோதவிடும் ராட்சத இயந்திரம் (LHC), எதையும் விழுங்கும் கருந்துளையை உண்டாக்கிப் பூமியை அழித்துவிடும் என்று ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு முகாமில் பிள்ளைகளிடம் ஒருவர் பேசியிருக்கிறார். அந்தப் பேச்சைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நான் வாய் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தேன். நேற்று மாலை அம்மாபேட்டையில் பக்கத்து வீட்டுச் சிறுமி நோட்டை எடுத்து வந்தாள். கடைசிப் பக்கத்தில் பூமியை வரைந்து, நடுவில் பேனா முனையால் ஓட்டை போட்டிருந்தாள். "தாத்தா, ஜெனீவா மெஷின் இப்படிச் செய்துவிடுமா?"

செய்யாது.

அந்த இயந்திரத்தின் 27 கிலோமீட்டர் வளையத்தில் இரண்டு புரோட்டான்கள் மோதும் ஆற்றல் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட். பறக்கிற கொசுக்கள் பத்துப் பதினைந்தின் ஆற்றல், அவ்வளவுதான். அதைவிடப் பலமான மோதல்கள் நம் தலைக்கு மேல் காலங்காலமாக நடக்கின்றன. 1991இல் அமெரிக்காவின் யூட்டாவில் பதிவான ஒரு காஸ்மிக் கதிர், அதாவது விண்வெளியிலிருந்து வந்த ஒரு துகள், காற்றில் மோதியபோது ஜெனீவா மோதலைப் போல் சுமார் 50 மடங்கு வலிமை காட்டியது. பூமி அப்படியேதான் இருக்கிறது. உள்ளங்கையை விரித்துப் பிடியுங்கள். அந்த மோதல்களில் பிறந்த மியூவான் என்ற நுண்துகள்கள் நிமிடத்துக்கு நூறு போல அதன் வழியாகப் போய்க்கொண்டிருக்கும். சேர்வராயன் மலைமேல் இன்னும் கொஞ்சம் அதிகம்.

"வாத்தியார் படித்ததை ஒப்பிக்கிறார்" என்பீர்கள். சென்ற முறையும் அப்படித்தான் எழுதினீர்கள். முப்பது வருடம் சாக்பீஸ் பிடித்தவனுக்கு அது வலிக்கும்.

மோதலில் நுண் கருந்துளை பிறந்தாலும், இயற்பியலாளர் ஹாக்கிங் 1974இல் சொன்னபடி அது நொடியில் ஆவியாகிவிடும் என்பதை யாரும் கண்ணால் பார்த்ததில்லையே என்று கேட்கலாம். சரியான கேள்வி. காஸ்மிக் கதிர் மோதலில் பிறக்கும் கருந்துளை வேகமாகப் பூமியைத் துளைத்துப் போய்விடும், இயந்திரத்தில் பிறப்பது மெதுவாக இங்கேயே தங்கிவிடலாம் என்பது அதைவிடக் கூர்மையான கேள்வி. கிடிங்ஸ், மங்கானோ என்ற இரு இயற்பியலாளர்கள் 2008இல் இதைத்தான் கணக்கிட்டார்கள். எரிந்து ஓய்ந்த விண்மீன்களின் எச்சங்களான வெண்குறு விண்மீன்களும் நியூட்ரான் விண்மீன்களும் அத்தனை அடர்த்தியானவை. அவற்றின் மீதும் காஸ்மிக் கதிர்கள் மோதுகின்றன. வேகமாக வரும் கருந்துளையையும் பிடித்து நிறுத்திவிடும். ஆபத்து உண்மையென்றால் அவை எப்போதோ விழுங்கப்பட்டிருக்க வேண்டும். இன்றும் வானில் இருக்கின்றன.

"விஞ்ஞானிகள் தப்பே செய்ததில்லையா?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

2008 செப்டம்பர் 10, அந்த இயந்திரத்தை முதன்முதலில் இயக்கிய நாள். தொலைக்காட்சியில் உலக அழிவைப் பற்றி ஒரே கூச்சல். என் வகுப்பில் ஒரு மாணவி மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. அருகில் போய்க் கேட்டேன். "சாயங்காலம் அம்மாவைப் பார்ப்பேனா, சார்?" என்றாள். புளிசாதம் அப்படியே வீட்டுக்குத் திரும்பியது. அதே நாட்களில் மத்தியப் பிரதேசத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண் இந்தப் பயத்திலேயே உயிரை விட்டதாகச் செய்தி வந்தது. அதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை.

முகாமில் பேசியவரைக் கேட்கிறேன். இதெல்லாம் தெரியாமலா மேடையேறினீர்கள்? தெரிந்தே பேசினீர்களா? கைத்தட்டலுக்காக ஏழாம் வகுப்புப் பிள்ளையின் தூக்கத்தை எடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது?

முகாம் நடத்தியவர்களையும் கேட்கிறேன். அதே கூடத்தில், அதே பிள்ளைகளை உட்காரவைத்து, எனக்கு அரை மணி நேரம் கொடுங்கள். பஸ் செலவு என்னுடையது.