சாணை பிடிக்க மட்டும் ஆளே கிடையாது

தண்டையார்பேட்டைல நான் வேலை பாக்குற பல் கிளினிக்ல புது சேர் வாங்குவாங்க, ஏசி மாத்துவாங்க, ஆனா பல்லுல படிஞ்ச காரைய சுரண்டி எடுக்குற கருவி, அந்த க்யூரெட்டுக்கு சாணை பிடிக்கணும்னா மட்டும் எல்லாருக்கும் திடீர்னு வேற வேலை வந்துடும். மொக்கை பிளேட வச்சு சுரண்டினா காரை பேந்து வராதுங்க, மேலாக்குல வழுவழுன்னு ஆகி வேரோடயே ஒட்டிக்கும், அப்புறம் நாம இன்னும் அழுத்த, பேஷன்ட் துள்ள, நம்ம மணிக்கட்டு போக, வெளிய உக்காந்திருக்கிற ஆயா வேற "இன்னாமா, உள்ள அடிக்கிறாங்களா?"ன்னு கேக்குது.

சரி, யாரோ பிடிச்சு வச்சாங்கன்னு பாத்தா கிரேசி (Gracey)ங்கிற வகை க்யூரெட்ட ரெண்டு பக்கமும் தேய்ச்சு வச்சிருக்காங்க. அதுல ஒரு பக்கம்தான்யா வெட்டும், கீழ சாஞ்சிருக்கிற பக்கம்! சாணைக்கல்லு பிளேடு முகத்துக்கு 100லேர்ந்து 110 டிகிரில நிக்கணும், கூர் பாக்குற அக்ரிலிக் குச்சில வச்சா பிளேடு கடிக்கணும், வழுக்குச்சுன்னா இன்னும் மொக்கைதான். அர்கன்சாஸ்ங்கிற சாணைக்கல்லுல ஒரு சொட்டு எண்ணெய் கூட விடாம வறட்டு வறட்டுன்னு தேய்ச்ச மகராசன் யாருன்னு வேற தெரியல.

தெருவுல கத்தி, கத்திரிக்கோல் சாணைன்னு கத்திட்டு போறாரே, அவர கூப்புடலாமான்னு ஜூனியர் கேக்குறான். ஜோக்குன்னு நெனச்சு திரும்புனா, நிஜமாவே ட்ரேயோட வாசல்ல நிக்குறான்.