‘கிளாசிக்கல் கட்டடக்கலையை இன்று யாரும் கற்பிப்பதில்லை’: உண்மை என்ன?

கிரேக்க, ரோமானிய மரபில் கட்டடம் வரைய இன்று எங்கும் பயிற்சி இல்லை, பழைய அளவுப் பட்டியல் கையில் இருந்தால் யாரும் வரைந்துவிடலாம் என்றொரு பதிவு பரவுகிறது. இரண்டுமே தவறு.

அமெரிக்காவின் நோத்ர டேம் பல்கலைக்கழகம் இதை முழுப் பாடத்திட்டமாகவே நடத்துகிறது. மாணவர்கள் மூன்றாம் ஆண்டை ரோமில் கழிக்கிறார்கள். இம்மரபில் பணியாற்றுவோருக்கான டிரீஹாஸ் பரிசு 2003 முதல் வழங்கப்படுகிறது.

பட்டியல் விஷயத்துக்கு வருவோம். 16ஆம் நூற்றாண்டு இத்தாலியக் கட்டடக் கலைஞர் வின்யோலாவின் கணக்கில் தூணின் உயரம் அடிவிட்டத்தைப் போல, தூண் பாணிகளில் டஸ்கனுக்கு 7, டோரிக்குக்கு 8, அயோனிக்குக்கு 9, கொரிந்தியனுக்கு 10 மடங்கு. மேலே வரும் உத்தரத் தொகுதி தூணின் உயரத்தில் கால் பங்கு. இதை மனப்பாடம் செய்ய ஒரு மாலை போதும். கோளாறு வேறிடத்தில். தூண்தண்டு பொதுவாகக் கீழ் மூன்றிலொரு பங்கு வரை நேராகச் சென்று, பிறகு மெல்ல வளைந்து, உச்சியில் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்காகச் சிறுக்கும். உத்தரத்தின் முகம் அந்தச் சிறுத்த கழுத்தோடு ஒரே கோட்டில் நிற்கவேண்டும். தூணின் அகன்ற தலைப்பகுதியான போதிகையின் விளிம்போடு சேர்த்துவிட்டால் உத்தரம் தூணைத் தாண்டித் துருத்தும், பாரம் காற்றில் தொங்குவதுபோலத் தெரியும். புதிய மாளிகைகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இதுதான். வெட்டுமுகத்தைக் கையால் வரைந்து திருத்தப்படும் வகுப்பில்தான் இது பிடிபடுகிறது, பட்டியலில் பிடிபடாது.