பிளாட்டினம் எராவைத் தாண்டாதவர்கள்

ஜப்பானுக்கு வெளியே இருந்துகொண்டு ஜே-பாப், அதாவது ஜப்பானிய பாப் இசை, கேட்பவர்களில் ஒரு தனி ரகம் உண்டு. மார்னிங் முசுமே என்கிற ஜப்பானியப் பெண்கள் பாட்டுக் குழு பற்றிப் பேச்செடுத்தால் போதும், "தகாஹாஷி ஐ போனதோடு எல்லாம் முடிந்தது" என்பார்கள். சரி, அதற்கப்புறம் வந்த ஆல்பம் எதையாவது கேட்டீர்களா என்றால், "கேட்கவே தோன்றவில்லை" என்று பதில் வரும். கேட்காமலே முடிந்துபோனது எப்படித் தெரிந்தது என்று அடுத்த கேள்வி கேட்டால் நட்பு கெட்டுவிடும். பல வருஷமாக இந்தக் கூட்டத்தோடு பழகுகிறேன். இவர்களில் நிறையப் பேர் என் நண்பர்கள், எந்தக் கச்சேரியில் யார் எந்த வரியைப் பாடினார்கள் என்பதுவரை விரல் நுனியில் வைத்திருப்பவர்கள். எரிச்சல் வருவதும் அதனால்தான். ஒன்றும் தெரியாத ஆள் சொன்னால் கடந்து போய்விடலாம்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997ல் டிவி டோக்கியோவின் 'அசாயான்' நிகழ்ச்சியில் ராக் பாடகிக்கான தேர்வு நடந்தது. அதில் தோற்றுப்போன ஐந்து பேரைச் சேர்த்து சுன்கு என்கிற பாடகர் தொடங்கிய குழு இது. ஐந்து நாளில் 50,000 சிடி விற்றுக் காட்டினால்தான் முறையான அறிமுகம் என்று நிபந்தனை வைத்தார்கள், நான்கே நாளில் விற்றுவிட்டார்கள். ஆட்கள் சேருவார்கள், கிராஜுவேட் ஆகி விலகுவார்கள், குழு மட்டும் அப்படியே நடக்கும். சேரும் ஒவ்வொரு செட்டும் ஒரு தலைமுறை. 2023ல் 17ஆம் தலைமுறை வந்தது. 2014லிருந்து பெயரோடு வருஷத்தையும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறார்கள். இப்படி மாறுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு குழுவுக்கு, மாறக்கூடாது என்று அடம்பிடிக்கும் ரசிகர்கள்.

இதில் எனக்கு ரொம்ப சுவாரசியமாகப் படுவது, அவர்கள் எந்தப் பழைய காலத்தில் நிற்கிறார்கள் என்பது. ஜப்பானில் யாரையாவது நிறுத்தி மார்னிங் முசுமேயின் பொற்காலம் எது என்று கேட்டால் 1999, 2000, 2001 என்பார்கள். 'லவ் மெஷின்' 1999ல் 16 லட்சத்துக்கு மேல் விற்றது. 13 வயது கோத்தோ மகி தலைமுடிக்குச் சாயம் பூசிக்கொண்டு முன்வரிசையில் நின்ற காலம். தொலைக்காட்சியைப் போட்டால் இவர்கள்தான். வெளிநாட்டு ரசிகரிடம் அதே கேள்வியைக் கேளுங்கள், 2007லிருந்து 2010வரை என்று வரும். அவர் அதற்கு 'பிளாட்டினம் எரா', அதாவது பிளாட்டினக் காலம், என்று பெயரும் சொல்வார். தகாஹாஷி ஐ, நீகாகி ரிசா, கமெய் எரி, மிச்சிஷிகே சயுமி, தனாகா ரெய்னா, குசுமி கொஹாரு, மித்சுயி ஐகா, சீனாவிலிருந்து வந்த ஜுன்ஜுன், லின்லின். அருமையான செட்தான், அதில் சந்தேகமில்லை, நேரடியாகப் பாடினால் ஆளை உட்கார வைக்கும். ஆனால் அந்த வருஷங்களில் ஜப்பானின் பொதுஜனம் இவர்களை ஏறக்குறைய மறந்திருந்தது. சிங்கிள்கள் சில பத்தாயிரம் பிரதிகளில் நின்றன. அகிஹபராவின் ஒரு சின்ன அரங்கில் தொடங்கிய ஏகேபி48 நாட்டையே வளைத்துக்கொண்டிருந்தது. ஆக, நம் ஆட்கள் ஏங்கும் அந்தப் பொற்காலம் ஜப்பானியர்களில் பெரும்பாலோர் கவனிக்கவே கவனிக்காத காலம்.

சிட்டி பாப் என்கிற 80களின் ஜப்பானிய நகரத்துப் பாப் இசை விஷயத்திலும் இதே கதைதான். தகேயுச்சி மரியாவின் 'பிளாஸ்டிக் லவ்' 1984ல் ஆல்பத்தில் வந்தது, மறு வருஷம் சிங்கிளாக வந்தபோது பெரிதாக ஓடவில்லை. 2017ல் யாரோ ஒருவர் யூடியூபில் ஏற்றிவிட, உலகத்தில் பாதிப் பேர் அதைக் கேட்டு, தாங்கள் பார்த்தே இராத 80களின் டோக்கியோவை நினைத்து உருகினார்கள். அந்த வீடியோவின் முகப்பில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம்கூட வேறொரு பாட்டின் சிங்கிளுக்காக எடுத்தது. இதில் தப்பு என்று சொல்லமாட்டேன், நல்ல பாட்டு எப்போது கேட்டாலும் நல்ல பாட்டு. வெளிநாட்டு ரசிகர் 'பழையது' என்று பிடித்துக்கொண்டிருப்பது பல சமயம் ஜப்பானில் இருந்த பழையது கிடையாது, கைக்குக் கிடைத்த துண்டுகளை வைத்து அவரே கட்டிக்கொண்டது என்பதற்காகச் சொன்னேன்.

எப்படிக் கட்டினார் என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம், விஷயமே அங்கேதான் இருக்கிறது. 2000 ஏப்ரல் முதல் 2007 ஏப்ரல் வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் 'ஹலோ மார்னிங்' என்று இந்தக் குழுவின் நிகழ்ச்சி ஒன்று ஜப்பான் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. சமையல், ஓட்டப்பந்தயம், நாடகம், பயமுறுத்துவது, அழவைப்பது எல்லாம் அதில் உண்டு. யாரோ புண்ணியவான்கள் அதை ரெக்கார்ட் செய்து, ஆங்கில சப்டைட்டில் போட்டு, டோரண்ட்டில் விட்டார்கள். காசு வாங்காமல், ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்த வேலை. நம்மூரிலேயே பிரௌசிங் சென்டருக்குப் பென் டிரைவ் கொண்டுபோய் ஒரு எபிசோடை இறக்கிவந்து நாலு பேர் மாறி மாறிப் பார்த்த கதையெல்லாம் உண்டு. அப்படிப் பார்த்தால் என்ன ஆகும்? யார் பயந்தாங்கொள்ளி, யாருக்கு எந்தக் காய் பிடிக்காது, யார் யாரிடம் கோபித்துக்கொள்வார் என்றெல்லாம் தெரிந்துவிடும். பிறகு கச்சேரியில் அந்தப் பெண் ஒரு வரி பாடினால் தெரிந்த பிள்ளை பாடுவது மாதிரி இருக்கும். அந்தப் பிடிப்பைப் பாட்டு மட்டும் தனியாக உண்டாக்கவில்லை.

அதற்கு மேல், 2007 மார்ச்சில் ஜுன்ஜுன், லின்லின் வந்தபிறகு 2010 முடியும்வரை குழுவில் புதிதாக ஒருவரையும் சேர்க்கவில்லை. மார்னிங் முசுமே வரலாற்றில் இது ரொம்ப விசேஷம். முகங்களைப் பழகிக்கொள்ள வருஷக்கணக்கில் அவகாசம் கிடைத்தது, யூடியூபும் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்தது. 2009 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் அனிமே எக்ஸ்போவுக்கு வந்து பாடினார்கள், அடுத்த வருஷம் பாரிஸ் ஜப்பான் எக்ஸ்போ. கடல் தாண்டி வந்து நேரில் நின்ற முதல் மார்னிங் முசுமேயாகப் பலருக்கு இந்த செட்தான் அமைந்தது. அவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர் எப்படி விடுவார்?

அப்புறம் நடந்ததுதான் அடி. 2010 டிசம்பரில் கமெய் எரி, ஜுன்ஜுன், லின்லின் மூவரும் ஒரே நாளில் விடைபெற்றார்கள். 2011 ஜனவரியில் நான்கு புதுப் பிள்ளைகள். செப்டம்பரில் இன்னொரு நான்கு. அதே மாதக் கடைசியில் தகாஹாஷி ஐ போனார். 2012 மே மாதம் நீகாகியும் மித்சுயியும் போனார்கள். ஒன்றரை வருஷத்துக்குள் பழைய செட்டில் மிஞ்சியது மிச்சிஷிகே, தனாகா இரண்டே பேர், சுற்றி எட்டு புது முகம், அதில் ஒருவருக்குச் சேரும்போது பன்னிரண்டு வயதுகூட ஆகவில்லை. 'ஹலோ மார்னிங்' மாதிரி வாராவாரம் அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சியும் இல்லை. சப்டைட்டில் போட்டவர்களும் படிப்பு முடிந்து வேலை, கல்யாணம் என்று கலைந்துகொண்டிருந்தார்கள். இதைப் பேசுபவர்களே குறைவு. நிறுவனம் மாறியது, சுன்கு மாறினார் என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள், மொழிபெயர்த்துக் கொடுத்தவர்கள் நின்றுபோனதை ஒரு காரணமாகவே எண்ணமாட்டார்கள்.

ஜப்பானிய ரசிகருக்கு இந்த மாற்றம் இவ்வளவு வலிக்கவில்லை, அதற்கும் காரணம் உண்டு. 2011ல் சேர்ந்த ஃபுகுமுரா மிஸுகி அவருக்குப் புது ஆளே கிடையாது. அதற்கு முன்பே 'எக்' பயிற்சித் திட்டத்தில் இருந்தவர், மூத்தவர்களின் கச்சேரியில் பின்னால் ஆடியதை அந்த ரசிகர் பார்த்திருப்பார். கைகுலுக்கும் நிகழ்ச்சிக்குப் போய் ஒரு வார்த்தை பேசியும் இருப்பார். வெளிநாட்டு ரசிகருக்கோ ஒரு காலைப்பொழுதில் முன்பின் தெரியாத ஒரு பெண் கமெய் நின்ற இடத்தில் நிற்கிறார். அந்த ஃபுகுமுரா பிறகு 2014 நவம்பரிலிருந்து 2023 நவம்பர்வரை ஒன்பது வருஷம் தலைவியாக இருந்தார், அந்தக் குழுவில் அத்தனை காலம் வேறு யாரும் அந்தப் பொறுப்பில் இருந்ததில்லை. அவர் விடைபெறுகிற சமயத்திலும் "இந்தப் புதுப் பொண்ணுங்க பேரே எனக்கு மனசுல நிக்கல" என்று ஒரு நண்பர் எனக்குச் செய்தி அனுப்பினார். அவருக்கு என்ன பதில் சொல்வது? பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது அண்ணா.

ஜப்பான் இசைத்துறை பக்கமும் குற்றம் இருக்கிறது, அதை மறைக்கவில்லை. வெளியே இருப்பவனுக்கு அவர்கள் போட்ட வேலிகள் கொஞ்சமா நஞ்சமா? பாதிப் பாட்டோடு நிற்கும் வீடியோ, 'உங்கள் நாட்டில் கிடைக்காது' என்ற அறிவிப்பு, ஜப்பானிய முகவரி இருந்தால்தான் ரசிகர் மன்றம், அங்கத்து போன் நம்பர் இருந்தால்தான் டிக்கெட் குலுக்கல். அராஷி மாதிரி உச்சத்தில் இருந்த குழுவே 2019 அக்டோபரில்தான் யூடியூபுக்கு வந்தது, முன்பே அறிவித்திருந்தபடி அடுத்த வருஷ முடிவில் ஓய்வுக்குப் போய்விட்டது. உட்டாடா ஹிகாருவின் பழைய பாட்டுகள் மொத்தமாக ஸ்ட்ரீமிங்குக்கு வர 2017 டிசம்பர் ஆனது. புதுசு பூட்டிக் கிடந்தது, பழசு திருட்டு வழியில் திறந்து கிடந்தது. ஒருவன் எங்கே போவான்? பழசுக்குள் குடியேறியதற்கு ரசிகரை மட்டும் திட்டுவது நியாயமில்லை.

ஆனால் அந்த வேலிகள் பெரும்பாலும் விழுந்துவிட்டனவே. முழு வீடியோ வருகிறது, கச்சேரித் துண்டுகள் வருகின்றன, தானியங்கி சப்டைட்டில் அரைகுறையாகவாவது விஷயம் சொல்கிறது. அப்போது எட்டு மணி நேரம் காத்திருந்து ஒரு கோப்பை இறக்கியவர் இப்போது எட்டு விநாடி செலவழிக்க யோசிக்கிறார். இதற்கு வேலியைக் காரணம் சொல்ல முடியாது. எனக்குத் தோன்றுவது, அந்தக் காத்திருப்பே அவருக்கு ஒரு தகுதிச் சான்றிதழ் மாதிரி ஆகிவிட்டது. இன்றைய ஜே-பாப் நட்சத்திரங்களான யோஅசோபியையும் ஃபுஜி கஸேயையும் போனில் தட்டியதும் கேட்கும் இன்றைய பிள்ளை அவரோடு சமமாக உட்கார்ந்து பேசுவது அவருக்குப் பொறுக்கவில்லை. "நாங்கள்லாம் அப்போ" என்று ஆரம்பிக்கிறார். அவர் காக்கிற இசையை விட, தான் முதலில் வந்தவன் என்பதைத்தான் அதிகம் காக்கிறார் என்று நான் சொன்னால் கோபம் வரும், வரட்டும்.

இன்னொன்று. இவர்கள் இன்று கொண்டாடும் அதே பிளாட்டினம் செட்டை அன்று எப்படித் திட்டினார்கள் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எல்லா வரியும் தகாஹாஷிக்கும் தனாகாவுக்குமே போகிறது, மற்றவர்கள் பின்னணியில் கையாட்டுகிறார்கள், பாட்டெல்லாம் சோகம், சந்தோஷமான பழைய மார்னிங் முசுமே எங்கே, புது ஆள் சேர்க்காமல் குழுவைக் கொல்கிறார்கள் என்று புலம்பல் ஓயாது. புது ஆள் வேண்டும் என்று கேட்டவர்களே, வந்ததும் பழைய ஆள் வேண்டும் என்றார்கள். மிச்சிஷிகே சயுமிக்கு அன்று பாடவே தெரியாது என்று கிண்டல் செய்தவர்கள், 2014ல் யோகோஹாமா அரீனாவில் கால் பிடித்துக்கொண்டு ஆடமுடியாமல் அவர் நின்ற கடைசிக் கச்சேரியைப் பார்த்து அழுதார்கள். அழுததில் தப்பில்லை, நானும் அழுதேன். முந்தைய பேச்சை மட்டும் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

பழையதுதான் மேல் என்று சொல்ல உரிமையே இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக உண்டு. சுன்குவுக்குத் தொண்டைப் புற்றுநோய் வந்து, குரல் நாண்களையே எடுத்துவிட்டதாக 2015 ஏப்ரலில், தான் படித்த கின்கி பல்கலைக்கழகத்தின் நுழைவு விழாவில் திரையில் எழுத்தாகக் காட்டி அறிவித்தார். மார்னிங் முசுமேயும் அதன் சகோதரக் குழுக்களும் அடங்கிய ஹலோ! ப்ராஜெக்ட்டின் மொத்தப் பொறுப்பிலிருந்து அதற்கு முந்தைய வருஷமே ஒதுங்கியிருந்தார். பிறகும் பாட்டு எழுதுகிறார், ஆனாலும் பழைய பாட்டுகளில் தாளத்தைக் கடித்துப் பாடும் அந்த விதம், வாயைக் கோணி ஒரு எழுத்தை இழுப்பது, அதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று பாடிக் காட்டியதில் வந்தது என்று நினைக்கிறேன். இப்போது அது குறைந்திருக்கிறது என்று ஒருவர் பாட்டு பாட்டாகக் காட்டி வாதாடினால் உட்கார்ந்து கேட்பேன். பின்னால் சேர்ந்த ஒடா சகுரா பாடுவதைக் கேட்டுவிட்டு, இல்லை, எனக்குத் தகாஹாஷிதான் என்று சொன்னால் அது ரசனை. கேட்காமலே சொல்வதற்கு வேறு பெயர்.

2013ல் இதே குழு ஜப்பானின் இசை விற்பனையைக் கணக்கிடும் ஓரிகான் வாரப் பட்டியலில் அடுத்தடுத்து முதலிடம் பிடித்தபோது, எலக்ட்ரானிக் டான்ஸ் இசையும் நொடிக்கு நொடி வரிசை மாறும் ஆட்டமுமாக மறுபடி ஜப்பானே திரும்பிப் பார்த்தபோது, பிளாட்டினம் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்று உள்ளே வந்த புது வெளிநாட்டு ரசிகர்கள் இவர்களைப் பார்த்து "பெருசுங்க" என்று சிரித்தார்கள். அவர்களுக்குப் பிடித்தவர் சயாஷி ரிஹோ. அவர் 2015 கடைசி நாளோடு விலகிவிட்டார். இப்போது அந்தச் சிரித்தவர்களிடம் 15ஆம் தலைமுறை, 16ஆம் தலைமுறை என்று பேசிப் பாருங்கள். சயாஷி போனதோடு எல்லாம் முடிந்துவிட்டதாம்.