ரெண்டும் ஒண்ணுதான் சார்

"இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற பிரைமரைக் காருக்கு யார் சார் அடிக்கச் சொன்னது?"

இன்று காலை 11 மணிக்கு என்னைப் பார்த்து இப்படிக் கேட்டவர், அந்தப் பிரைமரை, அதாவது பெயின்டுக்கு முன்னால் தகட்டில் அடிக்கும் அடிப்பூச்சை, எனக்கு விற்ற அதே கடைக்காரர். இப்போது நினைத்தாலும் உடம்பு பதறுகிறது.

போன சனிக்கிழமை அவர் கடையில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொல்கிறேன். கையில் கார் சாவி, போனில் கதவின் போட்டோ. "2007 மாருதி 800. கதவுக்குக் கீழே துரு, சுரண்டிவிட்டு மேலே என்.சி. பெயின்ட் அடிக்கப் போகிறேன். எபாக்ஸி பிரைமர் இருக்கிறதா?" என்றுதான் கேட்டேன். (என்.சி. என்றால் நைட்ரோசெல்லுலோஸ், காருக்கு அடிக்கும் சீக்கிரம் காயும் பெயின்ட்.) போட்டோவைப் பெரிதாக்கி வேறு பார்த்தார். "எதுக்கு சார் அவ்ளோ காசு? ரெட் ஆக்சைடு போதும், ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். பெரிய டின்னிலிருந்து அரை லிட்டரைப் பழைய பாட்டிலில் லூஸாக ஊற்றிக் கொடுத்தார். லேபிள் கிடையாது. என்.சி. பெயின்டும் அதை இளக்கும் தின்னரும் அதே பில்லில். எது மேல் எது நிற்கும் என்று அவருக்குத் தெரியாதா? இருபது வருஷமாகப் பெயின்ட் விற்கிறேன் என்று சொன்னதும் அவர்தானே!

கேட்டுக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு எண்ணெய்ப் பெயின்ட் ஜாதி. என்.சி. தின்னருக்கு வீரியம் அதிகம். மேலே பட்டால் அடியில் இருப்பதை ஊற வைத்துத் தூக்கிவிடும். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகுமா?

ஆபீஸ் விட்டு வந்து ஐந்து சாயங்காலம் அந்த ஒரு கதவில் உட்கார்ந்தேன். முதலில் கம்பி பிரஷ், அப்புறம் 80 நம்பர் உப்புத்தாள், 220, கடைசியில் 400 வாட்டர் பேப்பர். கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற அடியில் சின்ன ஓட்டைகள் இருக்கும். முன்பு வேலை பார்த்த யாரோ அதையெல்லாம் பட்டி வைத்து அடைத்திருந்தார். தண்ணீர் உள்ளேயே நின்று தகட்டைத் தின்றிருக்கிறது. ஆணியை வைத்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அப்புறம்தான் அந்தப் பிரைமரை அடித்தேன். முழு வண்டிக்கும் அடிக்க ஒர்க்‌ஷாப்பில் 40,000 கேட்டார்கள். என்னிடம் இருந்தது 6,000. அப்பா வாங்கிய வண்டி, பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக் கொடுக்க மனசு வரவில்லை.

இன்று காலை கம்ப்ரஸரை வாடகைக்கு எடுத்து முதல் கோட் அடித்தேன். நாலு நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் கைப்பிடிக்குக் கீழே ஒரு சுருக்கம். தூசி என்று நினைத்துக் குனிந்தேன். கண்ணெதிரே அது ஓடியது. ஆறின பாலில் ஆடை சுருங்குமே, அப்படிக் கதவின் கீழ்விளிம்பு முழுக்கச் சுருங்கியது. விரல் வைத்தேன். பெயின்டும் பிரைமரும் சேர்ந்து தோலாக உரிந்து வந்தன. அடியில் வெறும் தகடு.

அந்தத் தோலை ஒரு பேப்பரில் மடித்து எடுத்துக்கொண்டுதான் கடைக்குப் போனேன். அதைத் திறந்துகூடப் பார்க்காமல்தான் அந்தக் கேள்வி. "நீங்கதானே கொடுத்தீங்க?" என்றேன். "நீங்க ரெட் ஆக்சைடு கேட்டீங்க, கொடுத்தேன்" என்றார். நான் கேட்டேனாம்! பக்கத்தில் நின்ற பையன் அன்றைக்கும் அங்கேதான் இருந்தான், தலையைக் குனிந்துகொண்டான். பணம் திரும்பி வரவில்லை. "தெரியாம சொல்லிட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பேசாமல் திரும்பி வந்திருப்பேன்.

மத்தியானம் முழுக்க மறுபடி சுரண்டினேன். இதில் மேல்வீட்டுக்காரர் வேறு. தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் அது நேராகக் கீழே நிற்கும் வண்டி மேல்தான் விழுகிறது என்று ஆறு மாசமாகச் சொல்கிறேன். பெங்களூரு அல்சூரில் எங்கள் சந்தில் வண்டியை வேறு எங்கே நிறுத்துவது? இன்றைக்கும் அஞ்சு மணிக்கு ஊற்றினார். இப்போது டார்ச் அடித்துப் பார்த்தேன். சுரண்டி வைத்த தகட்டில் துளி விழுந்த இடமெல்லாம் மஞ்சளாகத் துரு பூத்துவிட்டது.